மூன்றாம் தடவை கேட்கப்படாத வாஷிங் மெஷின்

ஸ்வென்பர்க், மினசோட்டா
8 அக்டோபர் 1996, செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்கும் பேரீச்சம்பழ பார்களுக்கும் உரிய ஒவிடியா அத்தை அவர்களுக்கு,

உங்கள் சித்தப்பா மகன் நார்வலின் ஒரே மகள் மாரிட், வயது பதினைந்து, மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது. பணிவு என்னிடம் இருந்ததே இல்லை என்று நீங்கள் நினைக்கலாம். இந்தக் கடிதத்துக்காக அம்மாவிடமிருந்து கொஞ்சம் கடன் வாங்கியிருக்கிறேன். இங்கே அம்மா சுகம், நான் சுகம், கராஜில் நிற்கும் இருபத்தாறு பழைய வாஷிங் மெஷின்களும் சுகம். அப்பா மட்டும் சுகமில்லை. அங்கே உங்கள் முழங்கால், உங்கள் பூனை, உங்கள் நிலவறையில் இருக்கும் 1938ஆம் வருடத்து பிரெய்ரி பெல் மெஷின், மூன்றும் இருந்த இடத்திலேயே சுகமாக இருக்கின்றன என்று நம்புகிறேன். முக்கியமாக மூன்றாவது.

எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வருவது நம் மாவட்டத்தில் மரியாதை இல்லை என்பதால் முதலில் வானிலை. நேற்று உறைபனி விழுந்தது, தக்காளிச் செடிகள் போயின, இன்னும் மோசமாக இருந்திருக்கலாம். இப்போது விஷயம். செப்டம்பர் 29ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை உங்கள் நிலவறைப் படிக்கட்டில் நீங்கள் கண்ட காட்சிக்கு, அதாவது நீங்கள் இரண்டே தடவை ‘எடுத்துக்கோ’ என்று சொல்லியிருந்த மெஷினை அப்பா தள்ளுவண்டியில் கட்டி மூன்று படி ஏற்றியிருந்த அந்தக் காட்சிக்கு, காரணம் அப்பாவின் பேராசை அல்ல. காரணம் நான். இதை நான் வாயால் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நடந்ததே என் வாயால் வந்த வினை என்பதால் இந்த முறை கையை நம்புகிறேன்.

வரும் வாரம் வியாழக்கிழமை கலிபோர்னியாவிலிருந்து டெல்வெக்கியோ என்ற ஒருவர் அதே மெஷினைப் பார்க்க உங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று, தேவாலயத்தில் காபி விருந்தைக் கவனிக்கும் லவோன் அக்காவின் மகள் பள்ளிக்கூடத்தில் சொன்னாள். இந்தக் கடிதம் ஒருவேளை அவர் கையில் சிக்கினால் அவருக்கும் புரியட்டும் என்று நம் ஊர் வழக்கத்தை எழுதி வைக்கிறேன். ஒருவர் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளச் சொன்னால் ‘ஐயோ வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். மறுபடி சொன்னால் ‘உங்களுக்கு எதுக்குச் சிரமம்’ என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தடவை சொன்னால்தான், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு, ‘நீங்க இவ்வளவு சொல்றதால’ என்று வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது கப் காபிக்கும் இதுதான், கன்றுக்குட்டிக்கும் இதுதான். முதல் தடவையே சரி என்பவன் வெளியூர்க்காரன், பாவம், அவனுக்குத் தெரியாது. இரண்டாம் தடவையில் சரி என்பவன் உள்ளூர்க்காரன், ஆனால் கெட்டவன். ஏனென்றால் அவனுக்கு எண்ணத் தெரியும்.

அப்பா அப்படிப்பட்டவரா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், அத்தை. பதினோரு வருடமாக அந்த ஒரு ரக மெஷினைத் தேடி அவர் அலைந்த அலைச்சல் உங்களுக்குத் தெரியாது. காலையில் செய்தித்தாள் வந்ததும் இரங்கல் பக்கத்தைத்தான் முதலில் விரிப்பார். செத்தவர் யார் என்று பார்க்க மாட்டார், செத்தவர் வீட்டுக்கு நிலவறை இருந்ததா என்று பார்ப்பார். செப்புத் தொட்டி வைத்த பிரெய்ரி பெல் ஒன்று நெப்ராஸ்காவில் இருப்பதாக யாரோ சொல்ல, எட்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனோம். அங்கே ஒரு அம்மாள் தொட்டியில் மண்ணை நிரப்பி ஜெரேனியம் வளர்த்துக்கொண்டிருந்தார். பூவோடு தருகிறேன் என்றார், ஒரே தடவை. அப்பா ‘ஐயோ வேண்டாம்’ என்றார். அந்த அம்மாள் சரி என்று கதவைச் சாத்திவிட்டார், அவர் ஊரில் எண்ணிக்கை ஒன்றோடு முடிகிறது போல. திரும்பி எட்டு மணி நேரம். விஸ்கான்சினில் இன்னொன்று, அதில் பன்றிகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. பன்றிகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று அப்பா தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டார். இப்படியெல்லாம் ஐந்து மாநிலங்களை அலசிப் பிழிந்து காயப்போட்ட பிறகு பார்த்தால், மெஷின் நாற்பது மைல் தள்ளி உங்கள் வீட்டில் இருக்கிறது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அப்பா உங்கள் சாப்பாட்டு மேசையில் உட்காரும் அதே நாற்காலிக்கு நேர் கீழே. உங்களிடம் இருப்பதை நீங்கள் சொல்லவில்லை, சொன்னால் அது பீற்றல். உங்களிடம் இருக்கிறதா என்று அப்பா கேட்கவில்லை, கேட்டால் அது மூக்கை நுழைப்பது. இரண்டு பேரும் பதினோரு கிறிஸ்துமஸ் மரியாதையாக உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள்.

அந்த மெஷின் இருப்பதே ஏப்ரல் மாதம் ஆர்வில் மாமாவின் சாவு விருந்தில்தான் தெரிந்தது. நீங்கள் யாரிடமோ, “என் மெஷினுக்கு பெல்ட் தேஞ்சுபோச்சு, இந்தக் காலத்துல பிரெய்ரி பெல்லுக்கு எவன் பெல்ட் வச்சிருக்கான்” என்று சொன்னீர்கள். அப்பா கையிலிருந்த பன்றியிறைச்சி சாண்ட்விச் காபிக்குள் விழுந்தது. அதைக் கவனிக்காமல் காபியையும் குடித்தார். அதன்பிறகு ஐந்து மாதத்தில் ஆறு தடவை உங்கள் வீட்டுக்கு வந்தார் அல்லவா, ஒருமுறை பூசணிக்காய், ஒருமுறை ஏணி திருப்பிக் கொடுக்க, அந்த ஏணி உங்களுடையதே இல்லை. ஒருமுறை பெல்ட்டே கொண்டுவந்தார், தற்செயலாகக் கிடைத்தது என்று சொன்னார். தற்செயலாக இல்லை அத்தை, மூன்று வாரம் கராஜில் உட்கார்ந்து தைத்தார். எதற்கும் வாய் திறக்கவில்லை. நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தார்.

அம்மாவின் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருபத்தாறு மெஷின் இருக்க, அம்மா வாரா வாரம் எங்கள் துணியை மூட்டை கட்டி டவுனில் காசு போட்டுத் துவைக்கும் கடைக்குக் கொண்டுபோகிறார், ஏனென்றால் அப்பாவின் மெஷின்களில் சாதாரண அழுக்கைப் போடக்கூடாது. அவற்றை வருடத்துக்கு ஒருமுறை, பழைய வாஷிங் மெஷின் சேகரிப்பவர்களின் சங்கம் நடத்தும் துவைப்புத் திருவிழா அன்றுதான் ஓட்டுவார். வெளியாட்கள் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நாற்பது பேர் நான்கு மாநிலங்களிலிருந்து சூட்கேஸ் நிறைய அழுக்குத் துணியோடு வருவார்கள். துவைத்த துணியைக் கொண்டுவந்தால் வீட்டுக்காரரை அவமதித்ததாக அர்த்தம். டூலூத்தில் இருந்து வரும் ஒரு மெக்கானிக் ஜூலையிலிருந்து தன் மேலங்கியைத் துவைக்காமல் காப்பாற்றிக்கொண்டு வருவார், அவர் வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். மூடியைத் திறந்துவைத்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் கறுப்பதை எல்லோரும் தேவாலயத்தில் இருப்பதுபோல் பார்ப்பார்கள். அம்மா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு, “ஊர்ப்பட்டவன் அழுக்கெல்லாம் நம்ம வீட்ல வெளுக்குது, நம்ம அழுக்கு மட்டும் ஊருக்குப் போய் வெளுக்குது” என்பார். இந்த வருடத் திருவிழா அக்டோபர் 19, எங்கள் வீட்டில். அன்று பிரெய்ரி பெல்லை ஓடவிட்டுக் காட்ட வேண்டும் என்பதுதான் அப்பாவின் ஆசை. சொல்லவில்லை. ஆனால் கராஜில் நடுவில் ஒரு மெஷின் அளவுக்கு இடம் விட்டு, தரையைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார்.

இனி செப்டம்பர் 29. முதல் காபியின்போது நீங்கள் சொன்னீர்கள்: “நார்வல், கீழ கெடக்குற அந்தப் பழைய மெஷின எடுத்துட்டுப் போயேன், எனக்கும் எடத்த அடைக்குது.” அப்பா கப்பைத் தட்டில் வைத்தார். “ஐயோ, வேண்டாம்க்கா” என்றார். இரண்டாவது காபியில், பார்கள், அதாவது உங்கள் பேரீச்சம்பழக் கேக் துண்டுகள், வந்த பிறகு, நீங்கள் மறுபடி சொன்னீர்கள், தூசிபடிந்து கிடப்பதற்குப் பதில் போகட்டுமே என்று. “உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்” என்றார் அப்பா. எல்லாம் முறைப்படி போய்க்கொண்டிருந்தது. நீங்கள் அவரை, சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு வரச்சொல்லி நிலவறைக்கு அனுப்பினீர்கள். மூன்றாவது காபியில் மூன்றாவது தடவை வரும் என்று எனக்கே தெரிந்தது. நான் மாடிக் குளியலறைக்குப் போனேன். அங்கே சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறதல்லவா, அழுக்குத் துணியைப் போட்டால் தகரக் குழாய் வழியாக நேரே நிலவறைக்கு விழுமே, அதைத் திறந்தேன். கீழே அப்பா மெஷினைச் சுற்றிச் சுற்றி வரும் காலடிச் சத்தம் கேட்டது. விரலால் செப்புத் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். மணி மாதிரி கேட்டது.

நான் குரல் பண்ணுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஈஸ்டருக்கு பாஸ்டர் குரலில் மைக்கில், விருந்துக்கு அடுப்பில் சுட்டு வைத்த ஹாட்டிஷ் சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று அறிவித்து, வரிசையில் நின்ற எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியது நான்தான். பாஸ்டர் என்னை வெளுத்து வாங்கினார், இருந்தும் என் சாயம் மாறவில்லை. அன்று குழாய்க்குள் தலையை விட்டு, உங்கள் குரலில், மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, “நார்வல், நான் சும்மா சொல்லலப்பா. எடுத்துட்டுப் போ” என்றேன். அவர் சரி என்றதும் ‘ஏமாந்தீங்களா’ என்று என் குரலில் கத்த வேண்டும், அவர் அசடு வழிய வேண்டும், அவ்வளவுதான் திட்டம். கீழே காலடிச் சத்தம் நின்றது. அப்புறம் அப்பா சொன்னார், “சரிக்கா. நீங்க இவ்வளவு சொல்றதால.” கொஞ்சம் கழித்து, இன்னும் மெதுவாக, “நான் நல்லா பாத்துக்குவேன்க்கா” என்றார். அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை, அத்தை. அந்தச் சின்னக் கதவை ஓசைப்படாமல் மூடினேன்.

என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். என்ன இப்போது, இன்னும் இரண்டு நிமிடத்தில் அத்தை கீழே போய் நிஜமாகவே மூன்றாம் தடவை சொல்லப்போகிறார், அப்பா அதை நான்காவதாக எண்ணி நன்றி சொல்வார், கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து லவோன் அக்கா போன் செய்தார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நடக்கும் தேவாலயக் காபிக்கு யார் கேக், யார் சாலட் என்று நீங்கள் பேசப் பேச நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்களைத் தின்றேன், ஒன்பது தின்றேன், பயத்தில். லவோன் அக்கா மூன்று தடவை ‘சரி வெச்சிடறேன்’ என்று சொல்லிவிட்டு மூன்று தடவையும் வைக்கவில்லை. நீங்கள் தட்டோடு நிலவறைக் கதவைத் திறந்தபோது அப்பா தண்ணீர்க் குழாயைக் கழற்றி, பிழியும் உருளைகளைத் துண்டில் சுற்றி, நூற்றெழுபது பவுண்டு மெஷினைத் தள்ளுவண்டியில் கட்டி, மூன்றாம் படியில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். பாட்டு வேறு, அறுவடை நாளில் நாம் பாடும் ஸ்தோத்திரம்.

நீங்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தட்டைப் பிடித்தபடி, “ம். இது புதுசா இருக்கு” என்றீர்கள். வேறு ஊரில் இதற்கு என்ன அர்த்தமோ தெரியாது, நம் ஊரில் இதைவிடக் கடுமையான சொல் பைபிளில்கூடக் கிடையாது. அப்பா உங்களைப் பார்த்தார். அப்புறம் மேலே அந்தத் தகரக் குழாயின் வாயைப் பார்த்தார். அப்புறம் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். மெஷினை மூன்று படி இறக்கி, குழாயை மாட்டி, உருளைகளைப் பூட்டி, தரையில் சிந்திய தண்ணீரைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, “காபிக்கு ரொம்ப நன்றிக்கா” என்று சொல்லிக் கிளம்பினார். நாற்பது மைலும் ரேடியோகூடப் போடவில்லை.

அவர் ஏன் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று பத்து நாளாக யோசித்து நானே கண்டுபிடித்துவிட்டேன். நீங்கள் சொன்னீர்கள் என்றுதான் அவர் இன்னமும் நம்புகிறார். சொல்லிவிட்டு மறந்துவிட்டீர்கள், வயதாகிறது, அதை வெளியே சொன்னால் உங்களுக்குச் சங்கடம் என்று தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார். எப்பேர்ப்பட்ட மனிதர் பாருங்கள். இதற்குள் விஷயம் மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. போன ஞாயிறு தேவாலயக் காபியில் அப்பா ஒரு டோனட்டை எடுக்கக் கை நீட்டினார். லவோன் அக்கா தட்டை அவர் பக்கம் தள்ளி, “எடுத்துக்கோ நார்வல், ஒனக்கு ரெண்டு தடவ கேட்டாப் போதுமாமே” என்றார். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் மோசம். அப்பா கையை இழுத்துக்கொண்டு கோட்டை மாட்டினார். இப்போது சாயங்காலம் முழுவதும் கராஜில் இருபத்தாறு மெஷின்களுக்கு நடுவில், பெயிண்ட் அடித்த அந்தக் காலி இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். திருவிழாவை வேறு யாராவது நடத்திக்கொள்ளட்டும் என்று சங்கத்துக்கு எழுதப்போவதாக அம்மாவிடம் சொன்னாராம். நேற்று அம்மாவே வாயை விட்டு, “வேணும்னா நம்ம துணியக் கொஞ்சம் இதுல போட்டுப் பாருங்களேன்” என்று கேட்டார். பதினேழு வருடக் கல்யாணத்தில் முதல் தடவை. அப்பா வேண்டாம் என்றார், அம்மா மறுபடி கேட்கவே இல்லை, பயந்துவிட்டார்.

ஆகவே அத்தை, என் வேண்டுகோள் இதுதான். குற்றவாளி நான். ஒன்பது பார்களையும் சேர்த்து ஒப்புக்கொள்கிறேன். எனக்கு நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் முதல் தடவையே சரி என்று சொல்லிவிடுகிறேன். குளிர்காலம் முடியும்வரை உங்கள் வாசல் பனியை நானே வந்து அள்ளுகிறேன், யார் குரலும் இல்லாமல் வாயை மூடிக்கொண்டு அள்ளுகிறேன். ஆனால் உங்கள் எண்ணிக்கை இன்னும் இரண்டில்தான் நிற்கிறது. கலிபோர்னியாக்காரரிடம் முதலாவதைத் தொடங்கினீர்களானால் அவர் அத்தோடு முடித்துவிடுவார், பெரிய லாரியில் வருகிறாராம். அதற்கு முன்னால், உங்கள் சொந்தக் குரலில், அப்பாவிடம் அந்த மூன்றாவதைச் சொல்லிவிடுங்கள். அவர் நிரபராதி. உங்களை நம்பினார், அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு.

உங்கள் முழங்காலுக்கு ஆண்டவர் வலுவையும், பூனைக்கு எலிகளையும், உங்களுக்கு என்மேல் கொஞ்சம் மறதியையும் அருள்வாராக. அம்மா தன் அன்பையும், பார்களுக்கான பாத்திரத்தையும் திருப்பி அனுப்பச் சொன்னார். பாத்திரம் தனியாக வருகிறது.

என்றும் உங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படியப் புதிதாகப் பழகிவரும்
மாரிட் ட்வெய்ட்

பின்குறிப்பு, புதன்கிழமை காலை: நேற்று ராத்திரி கடிதத்தை மடிப்பதற்குள் அப்பா பார்த்துவிட்டார். நின்றபடியே முழுவதும் படித்தார், ஜெரேனியம் வந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் உட்கார்ந்து சொன்னார்: “மாரிட், ஒவிடியா அக்கா குரல எனக்கு ஆறு வயசுலேருந்து தெரியும். அக்கா என்னிக்கு ‘சும்மா சொல்லல’ன்னு சொல்லிருக்காங்க? முத வார்த்தையிலயே நீதான்னு தெரிஞ்சுபோச்சு.” அப்புறம் ஏன் சரி என்று சொல்லி மெஷினையும் ஏற்றினீர்கள் என்று கேட்டேன். “கேட்டதும் வாய் முந்திடுச்சு. அப்புறம் பாத்தா அக்கா போன்ல பேசிட்டே இருந்தாங்க. மூணாவது தடவ வராமயே போயிடுச்சுன்னா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்” என்றார். ஆகவே அத்தை, மேலே நான் எழுதியதில் அப்பா நிரபராதி என்பதையும், எப்பேர்ப்பட்ட மனிதர் என்பதையும், உங்களை நம்பினார் என்பதையும் தயவுசெய்து அடித்துவிடுங்கள். அவர் தெரிந்தேதான் இரண்டாம் தடவையில் எடுத்தார். ஊர் சொல்வது சரி. இதையும் எழுதச் சொன்னது அவர்தான். மெஷினை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், அதைப் பற்றி அவர் பேசக்கூட மாட்டாராம். வரும் ஞாயிறு தேவாலயம் முடிந்து உங்கள் வீட்டுக்கு வந்து நேரில் மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாராம். அதற்கு அடையாளமாக நேற்று ராத்திரியே வேனிலிருந்து டிரெய்லரைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டார்.

இன்று காலை பார்த்தேன், வேனின் பின் சீட்டும் கழன்று கராஜில் இருக்கிறது, வேனுக்குள் ஒரு மெஷின் அளவுக்கு இடம். நான் தொடவில்லை.